நீர்த்தேக்கக் கரையில் ஓர் இரவு: சக்கர நாற்காலியில் இயங்குவோருக்கான ஆயத்தங்கள்

சென்ற ஆண்டு எங்கள் மறுவாழ்வு மருத்துவப் புறநோயாளர் பிரிவில் ஒரு மகள் எங்களிடம் கேட்டார்: "அப்பாவ பேச்சிப்பாறைக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு ராத்திரி தங்கலாமா டாக்டர்?" தந்தை பனையேறும் தொழிலாளி. மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் காயமுற்று, இடுப்புக்குக் கீழ் இயக்கமும் உணர்ச்சியும் இழந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நான்கு ஆண்டுகளிலும் மருத்துவமனைக்கு வருவதற்காக மட்டுமே அவர் வீட்டு வாசலைத் தாண்டியிருந்தார். பேச்சிப்பாறைக்கு அருகில் அவருடைய மைத்துனரின் வீடு இருந்தது.

"இப்போது எதற்கு? புண் வந்துவிட்டால் என்ன செய்வது?" என்பதே எங்கள் முதல் மறுமொழி. அது தவறான மறுமொழி என்பதை ஒப்புக்கொள்ளவே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம். புண் வரும் என்ற அச்சத்தில் ஒருவரை வீட்டினுள் வைத்துக் காப்பது மருத்துவம் ஆகாது. புண் வராமல் வெளியே சென்று திரும்பக் கற்றுக்கொடுப்பதே மறுவாழ்வு மருத்துவத்தின் கடமை. அக்குடும்பத்திற்கு நாங்கள் பின்னர் கற்றுக்கொடுத்தவற்றையும், அவர்களிடமிருந்து நாங்கள் கற்றவற்றையும் இங்கே தொகுத்துத் தருகிறோம். அவருடைய இசைவுடன், அடையாளம் தெரியாதவாறு எழுதியுள்ளோம்.

வெளியே செல்வது ஆடம்பரமா?

"நடக்க முடியாதவருக்கு உல்லாசப் பயணம் எதற்கு?" என்று சில வீடுகளில் கேட்கிறார்கள். இதற்குச் சட்டமே விடை கூறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறனாளிகள் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. அப்பிரிவில் திறந்தவெளி முகாம்களும் சாகசச் செயல்களும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன.

நம் நாட்டில் மறுவாழ்வு மருத்துவத்திற்கு வழிகோலியவர்களுள் ஒருவரான டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அவர் அறுவை மருத்துவம் செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. நமக்கு அண்மையிலுள்ள ஆய்க்குடியில் 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய திரு. எஸ். ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். தாங்கள் வெளியே வந்ததோடு நில்லாமல், பிறர் வெளியே வரவும் வழி செய்தவர்கள் இவர்கள்.

சென்னை மெரினாவில் 2022 நவம்பரில், சக்கர நாற்காலியில் கடலருகே செல்லும் வகையில் ஏறத்தாழ 260 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயலில் அது சேதமுற்றது, பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. அமெரிக்காவில் ஏரிக்கரைகளில் அமைந்த மாநிலப் பூங்காக்கள் பலவற்றில் சக்கர நாற்காலியினருக்கெனத் தனி முகாமிடங்கள் உள்ளன. அங்கே இருக்கும் அரிய பொருள் எதுவுமில்லை. சக்கரம் புதையாத இறுகிய தரை, முழங்கால் உள்ளே நுழையுமாறு ஒரு முனை நீட்டப்பட்ட மேசை, அருகிலேயே சமதளத்தில் ஒரு கழிப்பறை ஆகிய மூன்றே முதன்மையானவை. இம்மூன்றையும் நம் ஊரில் ஓர் உறவினர் வீட்டு முற்றத்திலேயே அமைத்துக்கொள்ள இயலும்.

எங்கே, எப்போது?

கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னர் ஸ்ரீமூலம் திருநாள் காலத்தில் கட்டப்பட்டு 1906-இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு உயிர்நாடி. அதன் முழு நீர்மட்டம் 48 அடி. அதையடுத்துப் பெருஞ்சாணியும் இரு சிற்றாறு அணைகளும் உள்ளன. இவற்றைச் சூழ்ந்த மலைக்காடுகளில் பெரும்பகுதி வனவிலங்குச் சரணாலயம். யானை நடமாட்டமும் உண்டு. வனத்துறையின் அனுமதியின்றிக் காட்டினுள் கூடாரம் அடிக்கக் கூடாது. எனவே காட்டுக்கு வெளியே, குலசேகரம் சுற்றுவட்டாரத்தில் உறவினர் வீட்டையோ தங்கும் விடுதியையோ தேர்ந்தெடுத்து, பகலில் நீர்க்கரைக்குச் சென்று வருவதே தக்கது.

நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது. ஜூன் முதல் டிசம்பர் வரை மழை பெய்து மண் இளகியிருக்கும் நாள்கள் மிகுதி. அணைகளிலிருந்து உபரிநீர் திறக்கப்படுவதும் உண்டு. ஏப்ரல், மே மாதங்களின் புழுக்கம் தண்டுவடக் காயமுற்றோருக்கு ஆகாது. ஆகவே, ஜனவரியும் பிப்ரவரியும் ஏற்ற மாதங்கள்.

எடுத்த எடுப்பில் இரவு தங்கச் செல்ல வேண்டாம். முதலில் அரை நாள், பிறகு ஒரு முழுப் பகல், அதன் பிறகே ஓர் இரவு என்று படிப்படியாகப் பழகுங்கள். நாகர்கோவில் பகுதியினருக்கு அரை நாள் பயணத்திற்குச் சுசீந்திரம்–தேரூர் குளமும் வேம்பனூர் குளமும் அருகிலேயே உள்ளன. 2022-இல் ராம்சார் தகுதி பெற்ற ஈரநிலங்கள் அவை. குளிர்காலத்தில், சாலையோரத்தில் நாற்காலியை நிழலில் நிறுத்தியே நீர்ப்பறவைகளைக் காணலாம்.

அளவு நாடாவுடன் ஒருவர் முன்னே செல்க

"எங்க வீட்ல படியெல்லாம் இல்ல, வாங்க" என்று உறவினர் அன்போடு சொல்வார். அங்கே சென்று பார்த்தால் வாசலில் இரண்டு படிகள் இருக்கும். நடப்பவர் கண்ணுக்குப் படி தெரிவதில்லை. இது யாருடைய குற்றமும் அன்று. எனவே குடும்பத்தில் ஒருவர் அளவு நாடாவுடன் முன்கூட்டியே சென்று பின்வருவனவற்றைக் குறித்து வர வேண்டும்.

வாசற்படி: சாய்தளத்தின் உயரத்திற்கும் நீளத்திற்கும் உள்ள விகிதம் 1:12. படியின் உயரம் 15 செ.மீ. எனில் பலகையின் நீளம் 180 செ.மீ. இருக்க வேண்டும். இதைவிடக் குட்டையான பலகையில் நாற்காலி பின்புறமாகக் கவிழக்கூடும். செங்குத்தான சரிவில் இறங்கும்போது, பேணுபவர் கீழே நின்று தாங்க, நாற்காலியைப் பின்புறமாகவே இறக்க வேண்டும்.

கதவு: 90 செ.மீ. அகலம் நன்று. பழைய வீடுகளில் குளியலறைக் கதவு மிகக் குறுகலாக இருக்கும். உங்கள் நாற்காலியின் மொத்த அகலத்தைக் கைவளையங்கள் உட்பட வீட்டிலேயே அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

திரும்பும் இடம்: நாற்காலி முழுவதுமாகத் திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெளி தேவை.

கழிப்பறை: இருக்கையின் உயரம் 45 முதல் 48 செ.மீ. வரை இருந்தால் இடம் மாறுவது எளிது. தரையோடு பதித்த கழிப்பறையாயின், நடுவில் துளையுள்ள கமோடு நாற்காலியை உடன் கொண்டு செல்லுங்கள்.

படுக்கை: கூடாரத்தில் தரையில் படுப்பவரைத் தூக்கி மீண்டும் நாற்காலியில் அமர்த்தும்போது பேணுபவரின் முதுகு பழுதாகும், அவருடைய தோலும் தரையில் உராயும். சக்கர நாற்காலியின் உயரத்திற்கு இணையான கட்டில் ஒன்றைத் திண்ணையிலோ கூரையிட்ட முற்றத்திலோ இட்டு, கொசுவலை கட்டினால் போதும். வானம் தெரியப் படுப்பதே நம் நோக்கம். அதற்குக் கூடாரம் இன்றியமையாததன்று.

உடல் பற்றிய ஐந்து எச்சரிக்கைகள்

1. தோல். உணர்ச்சியற்ற தோல் வலியால் எச்சரிப்பதில்லை. கண்ணால்தான் பார்த்து அறிய வேண்டும். நாற்காலியில் இருக்கும்போது 15 முதல் 30 நிமிடத்திற்கு ஒருமுறை முன்னோக்கிச் சாய்ந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் இருந்து, இருக்கையின் அழுத்தத்தைக் குறையுங்கள். காரில் செல்லும்போதும் உங்கள் மெத்தையின் மேலேயே அமருங்கள். இரவில் கண்ணாடி வைத்துப் பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகியவற்றைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தபின் அது வெளிறாமல் சிவப்பாகவே நின்றால், அழுத்தப் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். சிவப்பு முற்றிலும் மறையும் வரை அவ்விடத்தின் மேல் பாரம் படக் கூடாது.

சூடும் இவ்வாறே. வெயிலில் நின்ற நாற்காலியின் உலோகப் பகுதி, மடியில் வைத்த கஞ்சிப் பாத்திரம், குளிர் காய மூட்டிய தீ ஆகியவை தோலைச் சுட்ட பின்னரே தெரியவரும். சூடான எதையும் மடியில் வைக்காதீர்கள். தீயிலிருந்து பொறி பறக்கும் தொலைவுக்கு அப்பால் அமருங்கள். மலையடிவாரத்தில் அட்டைக்கடியும் உணரப்படாது. மாலையில் காலுறையைக் கழற்றி விரலிடுக்குகளைப் பாருங்கள். புதர்களை ஒட்டி அமர வேண்டாம். உண்ணிக் காய்ச்சலைப் பரப்பும் பூச்சிகள் அங்கிருக்கும். திரும்பி வந்த இரண்டு, மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், எங்கே தங்கினீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள்.

2. சிறுநீர். பயணத்தில் சிறுநீர் கழிக்கச் சிரமம் என்று அஞ்சித் தண்ணீர் குடிப்பதை நிறுத்துவது நாங்கள் அடிக்கடி காணும் பிழை. அதனால் நோய்த்தொற்றும் கல்லும் உண்டாகும். இடைவெளிவிட்டுக் குழாய் செலுத்திக்கொள்வோர் 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒருமுறை, ஒரு தடவையில் 500 மி.லி.க்கு மிகாதவாறு வெளியேற்ற வேண்டும். நீங்கள் எங்கிருந்தாலும் உங்கள் நேர அட்டவணை மாறக் கூடாது. கை கழுவவும் குழாய் கழுவவும் நீர்த்தேக்கத்து நீரைப் பயன்படுத்தாதீர்கள். காய்ச்சி ஆறிய நீரை எடுத்துச் செல்லுங்கள். நிலையான குழாய் உடையோர், பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழ் மட்டத்தில் தொங்குகிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று ஒவ்வொரு முறை இடம் மாறிய பின்னும் பாருங்கள்.

3. மலம். வீட்டில் எந்த நாளில், எந்த நேரத்தில் மலம் கழிக்கும் வழக்கமோ அதே ஒழுங்கைக் காத்துக்கொள்ளுங்கள். உணவு உண்ட 20 முதல் 30 நிமிடத்தில் குடல் இயல்பாகவே அசையும், அந்நேரத்தைப் பயன்படுத்துங்கள். உறவினர் வீட்டு விருந்தில் புதிய உணவுகளை அளவோடு உண்ணுங்கள். மட்டிப்பழமும் பயறும் நல்லவை. மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை, அளவோடு உண்க.

4. வெப்பமும் நீரும். காயத்திற்குக் கீழே வியர்வை சுரக்காதவர்களின் உடல், வெளியிலுள்ள வெப்பத்தையே ஏற்றுக்கொள்ளும். முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை நிழலில் இருங்கள். ஈரத்துணியைக் கழுத்திலும் கையிலும் போர்த்துங்கள். நீர்க்கரையில் நாற்காலியை நீரை நோக்கி நிறுத்தாமல், கரைக்கு இணையாக நிறுத்திப் பூட்டுங்கள். படகில் ஏற நேர்ந்தால் மிதவை அங்கி அணிவதோடு, நாற்காலியுடன் உடலைப் பிணைத்திருக்கும் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். கவிழ்ந்தால் நாற்காலியோடு சேர்ந்து மூழ்க நேரிடும்.

5. திடீர் இரத்த அழுத்த உயர்வு. இது டி6 மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு உயிராபத்தாக முடியக்கூடியது. உங்கள் காய மட்டம் மருத்துவமனை விடுவிப்புக் குறிப்பில் உள்ளது. அறியாதவர்கள் எங்களிடம் கேளுங்கள். நிரம்பிய சிறுநீர்ப்பை, மடங்கிய குழாய், மலச்சிக்கல், இறுகிய ஆடை, உணராத ஒரு காயம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இதைத் தூண்டும். தலையைப் பிளக்கும் வலி, முகம் சிவத்தல், காயத்திற்கு மேலே வியர்த்தல், மூக்கடைப்பு ஆகியவை அறிகுறிகள். இவர்களுடைய இயல்பான இரத்த அழுத்தம் குறைவாகவே இருக்கும். ஆகவே பிறருக்கு இயல்பாகத் தோன்றும் அளவுகூட இவர்களுக்கு மிகையாக இருக்கலாம்.

உடனே செய்ய வேண்டியவை: படுத்திருந்தால் நிமிர்த்தி உட்கார வையுங்கள், கால்களைக் கீழே தொங்கவிடுங்கள், இறுகிய ஆடை, பட்டை, காலணி ஆகியவற்றைத் தளர்த்துங்கள், குழாயைச் சரிபார்த்துச் சிறுநீரை வெளியேற்றுங்கள். அறிகுறிகள் உடனே தணியாவிட்டால் 108-ஐ அழையுங்கள். எக்காரணம் கொண்டும் "கொஞ்சம் படு, சரியாயிடும்" என்று படுக்க வைக்காதீர்கள். படுத்தால் அழுத்தம் மேலும் உயரும்.

இரவும், பேணுபவரின் உறக்கமும்

காற்று மெத்தை பயன்படுத்துவோர் ஒன்றைக் கருத வேண்டும். மின்சாரம் நின்று காற்று இறங்கிய மெத்தை, வெறும் பலகைக்கு ஒப்பானது. மாற்றாகத் தடித்த நுரை மெத்தை ஒன்று இருக்கட்டும். மருத்துவர் வேறு கூறியிருந்தாலன்றி, இரவில் இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள்.

பக்கம் மாற்றுபவர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது மனைவியோ தாயோ ஒருவர் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து உறங்காதவர்கள் அவர்கள். வெளியூரில் தங்கும் இரவில், வேறு இருவர் முறை வைத்து இவ்வேலையை ஏற்க வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான அறிவுரை. அதற்கென மைத்துனருக்கும் மகளுக்கும் பக்கம் மாற்றவும், சறுக்குப் பலகையில் இடம் மாற்றவும் எங்கள் இயன்முறை மருத்துவர்கள் மூன்று அமர்வுகளில் கற்றுக்கொடுத்தார்கள். நீங்களும் கேட்டால் கற்றுத்தருவோம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

- வழக்கமான மருந்துகள், இரண்டு நாள்களுக்கு மிகுதியாக. தசை இறுக்கத்திற்கான பேக்லோஃபென் மருந்தைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.
- கணக்கிட்டதைவிட இரு மடங்கு சிறுநீர்க் குழாய்கள், கையுறை, சோப்பு, காய்ச்சிய நீர்
- இருக்கை மெத்தை, கைக்கண்ணாடி, கைவிளக்கு, சறுக்குப் பலகை
- சக்கரத்திற்குக் காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள்
- கொசுவலை, தொப்பி, ஈரத்துணி, மாற்றுடை
- விடுவிப்புக் குறிப்பின் நகலும், காய மட்டம், மருந்துகள், ஒவ்வாமை ஆகியவற்றைத் தமிழில் எழுதிய ஓர் அட்டையும்

அக்குடும்பம் சென்று வந்த கதை

முதலில் அவர்கள் தேரூர் குளத்திற்கு அரை நாள் சென்றார்கள். அன்று காரில் இருக்கை மெத்தையை மறந்துவிட்டு, வெறும் இருக்கையில் அமர்த்தி அழைத்து வந்திருந்தார்கள். இரவில் கண்ணாடியில் பார்த்தபோது பிட்டத்தின் வலப்புறம் சிவந்திருந்தது. அழுத்திப் பார்த்தும் வெளிறவில்லை. மகள் தொலைபேசியில் எங்களை அழைத்து, "நாங்க தப்பு பண்ணிட்டோம், இனி எங்கயும் போகல" என்றார். நாங்கள் வேறுவிதமாகக் கூறினோம்: நீங்கள் பார்த்தீர்கள், புண்ணாகும் முன்பே கண்டீர்கள், பயிற்சியின் பயன் இதுவே. ஐந்து நாள் அப்பக்கம் பாரம் படாமல் வைத்திருந்தார்கள், சிவப்பு மறைந்தது. பேச்சிப்பாறைப் பயணத்தை மட்டும் இரண்டு வாரம் தள்ளி வைத்தோம்.

ஜனவரி இறுதியில் அவர்கள் சென்றார்கள். மைத்துனர் வாசலில் பன்னிரண்டு அடிப் பலகை போட்டிருந்தார். மாலையில் நீர்க்கரையில் ஒரு மணி நேரம் இருந்தார்கள். இரவு திண்ணையில் கட்டில். நள்ளிரவிலும் இரண்டு மணிக்கும் மைத்துனர் எழுந்து பக்கம் மாற்றினார். நான்கு மணிக்கு மகள். காலையில் தோலில் எந்த மாற்றமும் இல்லை.

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வந்தபோது, பயணம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டோம். அவர் பதில் சொல்லுமுன் அவருடைய மனைவி முந்திக்கொண்டார்: "அன்னைக்கு ராத்திரி நான் விடிய விடியத் தூங்குனேன் டாக்டர்." அவர் எங்களிடம் கேட்டது வேறொன்று: சித்திரையில் தங்கை மகள் திருமணம், மண்டபத்தில் எத்தனை படி இருக்கிறது என்று பார்த்து வர ஆள் அனுப்பியிருப்பதாகவும், பலகையின் நீளத்தைச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். ஒரு தாளில் அளவுகளைத் தாமே எழுதி வந்திருந்தார்.

அத்தகைய தாளொன்றை நீங்களும் எழுதிக் கொண்டு வாருங்கள். எங்கு செல்ல விரும்புகிறீர்கள், அங்கே என்ன தடை, உங்களுக்கு என்ன அச்சம் என்ற மூன்றையும் எழுதினால் போதும். அடுத்த மறுபரிசோதனையில் மருந்துச் சீட்டைப் பார்ப்பதற்கு முன்னர், அதையே முதலில் பார்ப்போம்.